கோடு போடும் முன் குளத்தைப் பார்: நெல்லைச் சீமையில் புறவழிச்சாலைக்குத் தடம் குறிப்பது

திருநெல்வேலிப் பக்கம் புறவழிச்சாலைக்குத் தடம் குறிக்கிறவர் மேசையில் முதலில் விரிய வேண்டியது குளப் படம். செயற்கைக்கோள் படம் அதற்கு அப்புறம். வாகனக் கணக்கு, வளைவு, மேம்பாலம், இழப்பீடு எல்லாமே வேண்டியவைதான். ஆனாலும் இந்தச் சீமையில் ஒரு சாலை கெட்டால் பெரும்பாலும் தண்ணீர்க் கணக்கில்தான் கெடுகிறது.

நான்குவழிச் சாலை என்பது பல கிலோமீட்டர் நீளத்துக்கு எழுப்புகிற ஒரு புதுக் குளக்கரை. மடை வைக்காத இடத்தில் தண்ணீர் தேங்கும்; தேங்கின தண்ணீர் கரையை அறுத்துக்கொண்டு போகும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியபோது இதைத் தென்மாவட்டமே கண்ணால் பார்த்தது. குளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்தன. ஸ்ரீவைகுண்டத்துக்கும் செய்துங்கநல்லூருக்கும் நடுவே தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியும் மண்ணும் போய், தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. ரயில் கரையும் சாலைக் கரையும் இந்த விஷயத்தில் ஒரே சாதி.

இங்கே நிலம் மேற்கே பொதிகையிலிருந்து கிழக்கே கடலை நோக்கிச் சரிகிறது. ஆறும், கால்வாயும், குளத்துச் சங்கிலியும் அந்தச் சரிவிலேயே போகின்றன. அதனால் வடக்கு தெற்காகப் போகிற எந்தச் சாலையும் தண்ணீரைக் குறுக்கே வெட்டும். மதுரையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலை 44 அப்படித்தான். நகரத்துக்கு மேற்கே ஒரு புறவழிச்சாலை போட்டால், வடகரையில் கோடகன் கால்வாய், நெல்லைக் கால்வாய், அப்புறம் தாமிரபரணி, தென்கரையில் பாளையங்கால்வாய் என்று வரிசையாகத் தாண்ட வேண்டும். ஒவ்வொரு கால்வாய்க்கும் கிளைக் கால்கள், அவை நிரப்பும் குளங்கள், குளத்துக்குக் கீழே பத்து என்கிற நஞ்சை வயல். தென்காசிச் சாலை, அம்பாசமுத்திரம் சாலை போலக் கிழக்கு மேற்காகப் போகிறவற்றில் குறுக்கு வெட்டு குறைவு. அங்கே தொல்லை வேறு மாதிரி: சாலை கால்வாயோடு ஒட்டி ஓடும், ஒரு பக்கம் கால்வாய்க் கரை, மறுபக்கம் வயல், விரிவாக்க இடமே இராது.

தடத்துக்கு நல்ல இடம் மேடு. இரண்டு குளத்துச் சங்கிலிகளுக்கு நடுவில் தண்ணீர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பிரிகிற வரப்பு மாதிரி ஒரு முதுகு எப்போதும் உண்டு. சரள் நிலம், பொத்தை (சிறு குன்று) அடிவாரம், உடைமரம் நிற்கிற தரிசு. அங்கே போனால் சிறுபாலம் குறையும், மண் கெட்டியாகக் கிடைக்கும், நஞ்சையும் தப்பும். தூரம் ஒன்றிரண்டு கிலோமீட்டர் கூடலாம். திட்ட அறிக்கையில் மூன்று மாற்றுத் தடங்களை ஒப்பிடும்போது இந்தக் கூடுதல் தூரத்தை மட்டும் பெரிதாகக் காட்டி, நஞ்சை வழியாகப் போகிற நேர்கோட்டை மலிவென்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. பாலங்களின் எண்ணிக்கையையும் மண் கொண்டுவரும் செலவையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தால் பல நேரம் கணக்குத் திரும்பிவிடும்.

மேடு கிடைக்காத இடத்தில் குளத்தின் எந்தப் பக்கமாகப் போவது என்பது அடுத்த கேள்வி. மூன்று வழி உண்டு, மூன்றிலும் விலை உண்டு. நீர்பிடிப்புக்குள் போனால் குளத்தின் கொள்ளளவு போகும். 500 மீட்டர் நீளம், அடியகலம் 40 மீட்டர் என்றால் 2 ஹெக்டேர். சராசரி ஒன்றரை மீட்டர் ஆழம் வைத்தால் 30,000 கன மீட்டர், அதாவது 10 லட்சம் கன அடிக்கு மேல். சின்ன மானாவாரிக் குளத்துக்கு இது பெரிய அடி. நீர்வளத் துறை சும்மா விடாது, ஊரும் விடாது. குளக்கரைக்கு ஒட்டிக் கீழே போனால் ஊற்றுத் தண்ணீர் சாலைக்கரையின் அடியை எப்போதும் ஈரமாக வைத்திருக்கும். மடைகள் எல்லாம் சாலைக்குக் குறுக்கே பாய வேண்டும். கரை உடைந்தால் முதல் அடி சாலைக்கு. மூன்றாவது, ஒரு குளத்தின் உபரித் தண்ணீர் வெளியேறும் மறுகாலுக்கும் அடுத்த குளத்தின் வரத்துக்கும் நடுவே ஓடை ஒற்றையாக ஓடுகிற இடத்தில் தாண்டுவது. அங்கே ஒரே ஒரு பெரிய பாலம் போதும். கிடைத்தால் இதையே பிடித்துக்கொள்வது நல்லது.

மார்கழியில் நடக்க வேண்டும்

தள ஆய்வு பெரும்பாலும் சித்திரை, வைகாசியில்தான் நடக்கிறது. வயல் காய்ந்து கிடக்கும், வண்டி எங்கும் போகும், டிரோன் பறக்க வானம் தெளிவாக இருக்கும். சௌகரியம் சரி. ஆனால் அந்த மாதத்தில் வாய்க்கால் எது, வரப்பு எது என்று வெளியூர்க்காரர் கண்ணுக்குத் தெரியாது. புலப்படத்தில் அரசுப் புறம்போக்கு வாய்க்கால் மட்டும்தான் இருக்கும். பட்டா நிலத்துக்குள் ஒருவர் வயலிலிருந்து அடுத்தவர் வயலுக்குப் பாய்கிற கால் எந்தப் படத்திலும் இல்லை. பிசானச் சாகுபடிக் காலத்தில், கார்த்திகைக்கும் தைக்கும் நடுவே, தண்ணீர் ஓடும்போது ஒரு தரம் தடம் முழுக்க நடந்தால்தான் சிறுபாலப் பட்டியல் சரியாக வரும். மே மாதக் கணக்கில் கிலோமீட்டருக்கு இரண்டு சிறுபாலம் என்று எழுதிய இடத்தில் டிசம்பரில் நடந்தால் நாலைந்து கண்ணில் படலாம்.

நடக்கும்போது ஊர் வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சும் நீர்ப்பாய்ச்சியையும் கூட்டிக்கொள்வது நல்லது. எந்த மடையில் எந்த வயல் பாயும், எந்தக் கால் எப்போது அடைக்கும் என்பது அவர் மனசில் இருக்கும். வெள்ள மட்டத்தையும் அவரிடம்தான் கேட்க வேண்டும். கேட்கும் முறையும் உண்டு. "வெள்ளம் எவ்வளவு வந்தது?" என்று கேட்டால் "ரொம்ப வந்துச்சு" என்றுதான் பதில் வரும். "அண்ணாச்சி, 92 வெள்ளத்துல தண்ணி இந்த மடைக்கல்லுக்கு மேலயா, கீழயா?" என்று ஒரு பொருளைக் காட்டிக் கேட்டால், "கல்லு முங்கிட்டு. அந்தா, அந்தச் சாஸ்தா கோயில் படி மூணு தெரிஞ்சுது" என்று அளக்கக்கூடிய பதில் கிடைக்கும். அந்த மூன்றாவது படியில் மட்டக்கருவியை வைத்து உயரம் எடுக்கலாம். 1992 நவம்பர், 2023 டிசம்பர் இரண்டு வெள்ளத்துக்கும் இப்படித் தனித்தனியாக மூன்று நான்கு இடத்தில் எடுத்து ஒப்பிட வேண்டும். ஒருவர் சொன்னது மற்றவர் சொன்னதோடு 30 செ.மீ.க்குள் ஒத்துவந்தால் நம்பலாம்.

அந்த மட்டத்துக்கு மேல் சப்கிரேடின் (சாலைப் படுகையைத் தாங்கும் மேல் மண் அடுக்கின்) அடிப்பக்கம் குறைந்தது 0.6 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். ஒரு மீட்டர் வைத்தால் நல்லது. பெரிய பாலத்துக்கு 100 ஆண்டில் ஒருமுறை வரும் வெள்ளம், சிறுபாலத்துக்கு 50 ஆண்டு வெள்ளம் என்று கணக்கிடுவது நடைமுறை. சூத்திரம் தருகிற அளவுக்கும் மடைக்கல் சொல்கிற அளவுக்கும் பொருத்தம் இல்லாவிட்டால், சூத்திரத்தில் போட்ட நீர்ப்பிடிப்புப் பரப்பை மறுபடி பார்க்க வேண்டும். மேலே இருக்கிற குளம் உடைந்தால் வருகிற தண்ணீர் எந்தச் சூத்திரத்திலும் இல்லை. அதனால் சங்கிலிக் குளங்களுக்குக் கீழே போகும் பகுதியில், ஓடை இல்லாத தாழ்விடத்திலும் தண்ணீர் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் சமனாக ஒரு பெட்டிப் பாலம் தேவை.

குழாய்ப் பாலம் வேண்டாம் என்று இங்கே அழுத்தியே சொல்லலாம். 1,200 மி.மீ. குழாய் விதிப்படி சரிதான். ஆனால் சாலையின் அடியகலம் 40 மீட்டர் வரும்போது அந்த நீளத்துக்கு உள்ளே அமலைச் செடியும் வண்டலும் அடைத்தால் யார் தவழ்ந்து போய் எடுப்பது? இரண்டு மீட்டர் உயரப் பெட்டிப் பாலம் என்றால் மண்வெட்டியோடு ஆள் நிமிர்ந்து நடந்து போகலாம். பாலத்தின் தரைமட்டம் வாய்க்காலின் உண்மையான அடிமட்டத்தோடு ஒத்திருக்க வேண்டும். கோடையில் மண்மூடிக் கிடந்த வாய்க்காலை அளந்து, அதை அடிமட்டம் என்று எழுதிக் கட்டிவிட்டால், தூர்வாரிய பிறகு பாலம் மட்டும் வாசற்படி மாதிரி உயர்ந்து நிற்கும். தண்ணீர் ஏறாது. இந்தத் தவறு எல்லா ஒன்றியத்திலும் ஒன்றாவது காணக் கிடைக்கும்.

ஆறு

தாமிரபரணியைத் தாண்டும் இடம்தான் தடத்தின் முளைக்குச்சி. அதை முதலில் ஊன்றிவிட்டு, இரு பக்கமும் கோட்டை இழுக்க வேண்டும். ஆறு நேராக ஓடுகிற இடம், இரு கரையும் கெட்டி, அடியில் பாறை மேலாக வருகிற இடம் பார்க்க வேண்டும். அணைக்கட்டுக்குப் பக்கத்தில் கூடாது. குடிநீர் உறைகிணறுகளுக்குப் பக்கத்தில் கூடவே கூடாது. திருநெல்வேலிக்கு மட்டுமல்லாமல் அக்கம்பக்க மாவட்டங்களுக்கும் இந்த ஆற்று மணலுக்குள்ளிருந்துதான் குடிநீர் போகிறது. படித்துறையும் தைப்பூச மண்டபமும் இருக்கிற துறைகளைத் தள்ளி வைக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடம் என்றால் எல்லையிலிருந்து 100 மீட்டர் தடைப் பகுதி, அதற்கு மேல் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. ஆதிச்சநல்லூர் இருக்கிற ஆற்றங்கரை இது. தோண்டினால் தாழி வருமா என்று கிழக்கே போகப் போகக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

காட்டு எல்லையும் இதே போல ஆரம்பத்திலேயே படத்தில் ஏற வேண்டும். கங்கைகொண்டானில் 2013-இல் அறிவித்த புள்ளிமான் சரணாலயம் நான்குவழிச் சாலைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் 2022-இல் உலகச் சதுப்பு நிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. மேற்கே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். தெற்கே பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் போனால் காற்றாலைகள். கோபுரம் உயரம் கூட்டல் இறக்கை விட்டத்தில் பாதி கூட்டல் 5 மீட்டர் சாலையிலிருந்து தள்ளி இருக்க வேண்டும் என்பது அங்கே வழிகாட்டு விதி. உயரழுத்த மின்கோபுரத்தை நகர்த்துவதைவிடச் சாலையை நகர்த்துவது மலிவு. இரண்டு கோபுரத்துக்கு நடுவில் தாண்டும்படி கோட்டைச் சரிசெய்துகொள்ளலாம்.

படத்தில் வராதது இன்னொன்று இருக்கிறது. புறம்போக்கில் ஒரு பனைக்கடியில் சுடலைமாடன் பீடம், காட்டுக்குள் சாஸ்தா கோயில். செயற்கைக்கோளில் பார்த்தால் ஒரு புதர். பங்குனி உத்திரத்தன்று போய்ப் பார்த்தால், அந்தப் புதருக்கு வெளியூரிலிருந்தெல்லாம் வேன் பிடித்து வந்து பொங்கல் வைத்துக்கொண்டிருப்பார்கள். குலசாமி. 30 மீட்டர் தள்ளிப்போட முடிகிற காலத்தில் தள்ளிப்போடாமல் விட்டால், பிறகு அந்த 100 மீட்டர் மட்டும் வருஷக்கணக்கில் கட்டாமல் கிடக்கும். சுடுகாட்டுப் பாதையும் அப்படியே. எந்தத் தெருவுக்கு எந்தப் பாதை என்று விசாரித்து, வெட்டுப்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வெட்டிவிட்டு அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போகச் சொன்னால் அது சாலைப் பிரச்சினையாக மட்டும் நிற்காது.

வளைவுக் கணக்கு ஏன் ஊருக்கும் தெரிய வேண்டும்

"என் வீட்டை மட்டும் விட்டுட்டு இப்படி வளைச்சுட்டுப் போங்க சார்" என்பது எல்லா ஊரிலும் கேட்கிற கோரிக்கை. முடியுமா முடியாதா என்பதை வேகம்தான் தீர்மானிக்கிறது. 100 கி.மீ. வேகத்துக்கு வடிவமைத்தால், வேகத்தின் வர்க்கத்தை 127-ஆலும், சாலைச் சாய்வு 0.07 கூட்டல் உராய்வு 0.15 என்பதாலும் வகுக்க வேண்டும். வருவது 358, அதைத்தான் 360 மீட்டர் குறைந்தபட்ச ஆரம் என்று வைத்திருக்கிறார்கள். நான்குவழியில் 400 மீட்டருக்குக் கீழே போக நல்ல வடிவமைப்பாளர் விரும்பமாட்டார். 400 மீட்டர் ஆரத்தில் கோட்டைப் பக்கவாட்டில் 100 மீட்டர் நகர்த்த, போகிற வளைவும் திரும்புகிற வளைவும் மட்டுமே ஏறத்தாழ 390 மீட்டர் எடுக்கும். நேர்கோட்டிலிருந்து வளைவுக்குப் படிப்படியாகத் திரும்பும் மாறுவளைவும் நடுவில் நேர்த்துண்டும் சேர்த்தால் அரை கிலோமீட்டரைத் தாண்டிவிடும். அந்த அரை கிலோமீட்டருக்கும் புல எண்கள் மாறும்.

இதிலிருந்து நடைமுறையில் ஒன்று புரியும். நிலம் எடுக்கும் அறிவிக்கை வந்த பிறகு தடம் நகராததற்குப் பிடிவாதம் மட்டும் காரணமில்லை. புதுப் புல எண் வந்தால் புது அறிவிக்கை வேண்டும். எனவே ஊர் பேச வேண்டிய காலம் ஆலோசனை நிறுவனத்தின் ஆட்கள் ஜி.பி.எஸ். கருவியோடு வந்து நிற்கிற காலம். அப்போது குளப் படமும், மறுகால் போகிற வழியும், கோயிலும், கிணறும் குறித்த ஒரு தாளைக் கொடுத்துக் கையொப்பமோ ரசீதோ வாங்கி வைத்தால் மதிப்பு அதிகம். முளைக்குச்சி அடித்த பிறகு நடத்துகிற மறியலைவிட அந்த ஒரு தாள் கூடுதலாகச் சாதிக்கும்.

வாகனக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஏழு நாள், 24 மணி நேரம் எண்ணுவது முறை. எந்த ஏழு நாள் என்பதில்தான் கோளாறு. குற்றாலச் சாரல் காலம், கார்த்திகை முதல் தை வரை ஐயப்பன் சீசன், திருச்செந்தூர் கந்தசஷ்டி, பாதயாத்திரை போகிற மாதங்கள்: தென்காசிச் சாலையும் திருச்செந்தூர்ச் சாலையும் மாதத்துக்கு ஒரு முகம் காட்டும். எண்ணிக்கையைவிட முக்கியம், ஓட்டுநரை நிறுத்தி எங்கிருந்து எங்கே என்று கேட்கும் கணக்கு. வண்டிகளில் பெரும்பங்கு ஜங்ஷனுக்கோ, ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கோ, மார்க்கெட்டுக்கோ வருகிறவை என்றால் புறவழிச்சாலை எத்தனை அகலம் போட்டாலும் ஊருக்குள் நெரிசல் குறையாது.

அகலமும் மண்ணும்

புதிய நான்குவழிப் புறவழிக்கு வழக்கமாக 60 மீட்டர் அகலம் எடுப்பார்கள். கிலோமீட்டருக்கு 6 ஹெக்டேர், அதாவது 14 ஏக்கர் 80 சென்டுக்குக் கிட்ட. ஆற்றுப் பாசன நஞ்சையில் சராசரி 20 சென்ட் துண்டு என்று வைத்தால் கிலோமீட்டருக்கு எழுபது, எண்பது துண்டு. பாதி வெட்டுப்படுகிறவற்றைச் சேர்த்தால் நூறை நெருங்கும். அதே தூரம் மானூர்ப் பக்கம் கரிசல் புஞ்சையில் இருபது, முப்பது பேரோடு முடியலாம். நிலம் எடுக்க ஆகும் காலம் ஏக்கரைப் பொறுத்ததல்ல, தலைக்கட்டைப் பொறுத்தது. தடம் ஒப்பிடும் அட்டவணையில் இந்த எண்ணுக்கும் ஒரு கட்டம் போட்டால் நல்லது.

மண்ணுக்கு வருவோம். மேலகலம் 25 மீட்டர், உயரம் 3 மீட்டர், சரிவு ஒன்றுக்கு இரண்டு என்றால் அடியகலம் 37. மீட்டருக்கு 93 கன மீட்டர், கிலோமீட்டருக்கு 93,000. யூனிட்டில் (100 கன அடி) சொன்னால் 32,800. ஆறு யூனிட் டிப்பரில் கிட்டத்தட்ட 5,500 நடை, அதுவும் இறுகிய அளவில். தளர்ந்த மண் இன்னும் கூடும். இத்தனை வண்டி எந்த ஊர்ச் சாலை வழியாகப் போகும், அந்தச் சாலையை யார் சரிசெய்து தருவார்கள் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதவில்லையென்றால் கிராமச் சாலைகள் ஒரே மழையில் சேறாகும்.

பக்கத்துக் குளத்தில் தூர்வாரினால் மண் கிடைக்குமே என்று சொல்வார்கள். கரம்பை என்கிற குளத்து வண்டல் வயலுக்குத் தங்கம், சாலைக்கு ஆகாது. கரிசலும் அப்படித்தான், ஈரத்தில் உப்பும், வெயிலில் வெடிக்கும். உப்பும் அளவு 50 சதவீதத்தைத் தாண்டுகிற மண்ணைக் கரைக்குப் போடக் கூடாது. கரிசல் பகுதியில் சப்கிரேடு 500 மி.மீ., அதற்குக் கீழே இன்னொரு 500 மி.மீ. உப்பாத சரள் மண்ணாக இருக்க வேண்டும். கரைக்கு 95 சதவீதம், சப்கிரேடுக்கு 97 சதவீதம் இறுக்கம். கங்கைகொண்டானுக்கு வடக்கே ஒரு புதுச் சாலையில் நீளவாக்கில் ஓரமாக வெடிப்பு ஓடினால், மேலே தார் என்ன தரம் என்று தேடுவதற்கு முன்னால் ஓரத்துக் கரிசலைத் தோண்டிப் பார்க்கலாம்.

அண்டர்பாஸ் என்கிற கிணறு

ஊர் கேட்பது அண்டர்பாஸ், அதாவது சாலைக்கு அடியில் போகிற பாதை. பல நேரம் கிடைப்பது கிணறு. காரணம் கணக்கில் இருக்கிறது. 4 மீட்டர் உயரத் திறப்பு, மேலே தளமும் சாலைப் படுகையும் ஒன்றரை மீட்டர் என்றால் சாலை அந்த இடத்தில் ஐந்தரை மீட்டர் ஏற வேண்டும். நாற்பதுக்கு ஒன்று சரிவில் இரு பக்கமும் 220 மீட்டர் ஏற்றம். அடியகலம் 47 மீட்டர் ஆகும். இரு பக்கமும் 7 மீட்டர் அணுகுசாலை சேர்த்தால் 61. எடுத்த நிலமோ 60. ஒன்று தாங்குசுவர் கட்ட வேண்டும், அல்லது ஊர்ப்பாதையைப் பள்ளம் தோண்டி இறக்க வேண்டும். பள்ளம் மலிவு. நஞ்சை வயலுக்கு நடுவே ஒன்றரை மீட்டர் பள்ளம் தோண்டினால் ஐப்பசி முதல் தை வரை அதில் ஊற்றுத் தண்ணீர் நிற்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சாலைக்கு மேலே ஏறி நடுத்தடுப்பைத் தாண்டுவார்கள்.

அதனால் "அண்டர்பாஸ் வேண்டும்" என்று மட்டும் மனு எழுதினால் போதாது. தரைமட்டம் பக்கத்து வயலைவிட 15 செ.மீ.யாவது உயர்ந்திருக்க வேண்டும், தண்ணீர் வடிய எந்த ஓடைக்கு வடிகால் என்று படத்தில் காட்ட வேண்டும் என்று எழுத வேண்டும். திறப்பின் உயரத்தையும் ஊர்த் தேவையை வைத்துக் கேட்க வேண்டும். வைக்கோல் பாரம் ஏற்றிய வண்டி 4 மீட்டருக்குள் அடங்காது. வாழைத்தார் லாரியும், அறுவடை இயந்திரத்தை ஏற்றிவரும் டிரெய்லரும் இடிக்கும். அந்தப் பாதை வழியாக அறுப்புக்காலத்தில் பெரிய வண்டி போகும் என்றால் ஐந்தரை மீட்டர் திறப்பு. ஆட்டுக்கிடை மட்டும் போகும் பாதைக்குச் சின்னது போதும், அதைப் பெரிதாகக் கேட்டு வீணாக்க வேண்டாம்.

தாள்கள்

தேசிய நெடுஞ்சாலை என்றால் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம், 1956. மாநில நெடுஞ்சாலை என்றால் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம், 2001. இரண்டுக்கும் நடைமுறை வேறு. எந்தச் சட்டத்தில் எடுக்கிறார்கள் என்று அறிவிக்கையின் முதல் வரியிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். மாநிலச் சட்டத்தில் முதலில் பிரிவு 15(2)-இன்படி காரணம் கேட்கும் அறிவிப்பு, பிறகு 15(1)-இன்படி அரசிதழ்.

மத்தியச் சட்டத்தில், நிலம் எடுக்கும் நோக்கத்தைச் சொல்லும் 3ஏ பிரிவு அறிவிக்கை அரசிதழில் வந்து, இரண்டு உள்ளூர் நாளிதழ்களில் சாரம் வரும். ஒன்று தமிழில் இருக்கும். அரசிதழில் வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தர வேண்டும். வீட்டுக்கு வீடு தாள் வரும் என்று காத்திருந்தால் நாள் போய்விடும். "சாலை வேண்டாம்" என்று ஒரே வாசகத்தை நூறு பேர் கையெழுத்திட்டுக் கொடுப்பதைவிட, தனித்தனியாக, புல எண், உட்பிரிவு, அதில் இருக்கும் கிணறு, மடை, அது பாய்ச்சும் பரப்பு, மாற்றாகக் கோடு எந்தப் புல எண் வழியாகப் போகலாம் என்ற கைவரைபடம் என்று கொடுத்தால், விசாரணையில் அதிகாரி ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதியாக வேண்டும். 3ஏ வந்து ஓராண்டுக்குள், நிலத்தை எடுப்பதை உறுதிசெய்யும் 3டி அறிவிக்கை வராவிட்டால் 3ஏ காலாவதியாகும். நீதிமன்றத் தடை இருந்த காலம் இந்தக் கணக்கில் சேராது. 3டி வந்த அன்றே நிலம் அரசுக்குப் போய்விடும், பணம் பிறகுதான். சென்னை–சேலம் எட்டுவழிச் சாலை வழக்கில் 2020 டிசம்பர் 8-இல் உச்ச நீதிமன்றம், 3ஏ அறிவிக்கைக்கு முன்பே சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டதால், "அனுமதி வரட்டும், அப்புறம் பார்ப்போம்" என்று ஊர் இருக்கக் கூடாது.

இழப்பீட்டில் 2013 நிலம் எடுப்புச் சட்டத்தின் அட்டவணைகள் 2015 முதல் தேசிய நெடுஞ்சாலைக்கும் பொருந்தும்: சந்தை மதிப்பு, ஊரகத்துக்கு 1 முதல் 2 வரை பெருக்கல், அதன்மேல் 100 சதவீத ஆறுதல் தொகை. சந்தை மதிப்பு, வழிகாட்டி மதிப்பையும், முந்தைய மூன்று ஆண்டில் அக்கம்பக்கத்தில் பதிவான பத்திரங்களில் விலை கூடிய பாதியின் சராசரியையும் ஒப்பிட்டு வருகிறது. பத்திரச் செலவை மிச்சப்படுத்தக் குறைத்துப் பதிந்த ஊரில் எல்லோருக்குமே அந்தக் குறைந்த விலை வந்து விழும். அதற்கு இப்போது மருந்து கிடையாது.

பலருக்குத் தெரியாமல் போவது அதே 1956 சட்டத்தின் பிரிவு 3ஜி(7). நிலம் துண்டுபடுவதால் மிச்ச நிலத்துக்கு வரும் சேதத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்கிறது அது. 80 சென்டில் நடுவே சாலை போய் இந்தப் பக்கம் 9, அந்தப் பக்கம் 14 என்று நின்றால், அந்த 23 சென்டில் டிராக்டர் திரும்பாது. இதைக் கோரிக்கை மனுவில் எழுதிக் கேட்டால்தான் வரும். இழப்பீட்டு ஆணை குறைவாக இருந்தால் நடுவரிடம் போகலாம். பெரும்பாலும் மாவட்ட ஆட்சியரே நடுவர்.

பட்டாவைச் சரிபார்க்க அறிவிக்கை வரைக்கும் காத்திருக்கக் கூடாது. 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் விழுந்த பெயர்ப் பிழைகள் இன்னும் கிடக்கின்றன. தாத்தா பெயரிலேயே பட்டா, ஐந்து பேர் கூட்டுப் பட்டா, உட்பிரிவு ஆகாத பாகப்பிரிவினை. வாரிசுகளுக்குள் தகராறு என்றால் பணம் நீதிமன்றத்துக்குப் போய் உட்காரும். அ-பதிவேடு நகல், புலப்படம், 30 ஆண்டு வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம், வாரிசுச் சான்று ஐந்தையும் ஒரு உறையில் போட்டு வைத்தால் பாதி அலைச்சல் மிச்சம். ஊர்ப் பெயரையும் பார்க்க வேண்டும்: மேல, கீழ, வட, தென் என்று ஒரே பெயரில் இரண்டு வருவாய்க் கிராமம் இங்கே சாதாரணம், அறிவிக்கையில் அடுத்த கிராமத்தின் கீழ் உங்கள் எண் விழுந்திருக்கும்.

கடைசியாகக் கூட்டளவு நாள். நெடுஞ்சாலை ஆட்களும் வருவாய்த் துறை சர்வேயரும் சேர்ந்து வந்து அளப்பார்கள். மரங்களை அன்றைக்கே எண்ணிக் குறிக்கச் சொல்ல வேண்டும். பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டியிருப்பதால் பனைக்குத் தனிக் கணக்கு. வடலி என்கிற இளம்பனையையும் சேர்த்து எண்ணச் சொல்லலாம். கிணறு ஒரு பக்கம், தோட்டம் மறுபக்கம் என்று ஆகப்போகிறதென்றால், சாலைக்கு அடியில் தண்ணீர்க் குழாய் போக ஒரு உறைக்குழாயை வரைபடத்தில் இப்போதே குறிக்கச் சொல்ல வேண்டும். சாலை முடிந்த பிறகு அதைத் துளைக்க அனுமதி, கட்டணம், வைப்புத்தொகை என்று நீளும். அளவுப் பட்டியலில் கையெழுத்துப் போடும் முன் சதுர மீட்டரைச் சென்டாக்கிப் பார்க்கவும்: 40.47-ஆல் வகுக்க வேண்டும். பம்புசெட் அறை, சிமெண்ட் தொட்டி, தரைக்கடிக் குழாய், கல்வேலி எல்லாம் தனித்தனி வரியாக இருக்கிறதா என்று பார்க்கவும். தூர்ந்து புதர் மூடிக் கிடக்கும் பழைய கிணறுதான் அடிக்கடி விட்டுப்போவது. முந்தின நாளே அரிவாளோடு போய்ப் புதரை வெட்டிவிட்டு வந்தால் சர்வேயர் கண்ணுக்குத் தெரியும்.